நோட்டில் பேசுகிறவர்

செருப்பைக் கழற்றும்போதே அவர் கண் சமையலறைக் கதவின் பின்பக்கம் போய்விடும். அங்கே ஓர் ஆணியில், சணல் கயிற்றில் கட்டிய நீள நோட்டு ஒன்று தொங்கும். இன்னொரு கயிற்றில் பேனா. பேக்கரியிலிருந்து மதியம் ஒரு மணிக்கு வீடு திரும்பும் மனிதர், முழங்கையில் மாவு காய்ந்திருக்க, நின்றபடியே அன்றைய பக்கத்தைப் படிப்பார். தனக்குத் தானே சிரித்துக்கொள்வார். கை கழுவுவது, சாப்பிடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ரொட்டிக்காரருக்கு அதிகாலை ஷிஃப்ட். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மாலை ஷிஃப்ட். இவர் வீடு வந்து சேர அரை மணி நேரம் இருக்கும்போது அந்த அம்மாள் கிளம்பிப் போயிருப்பார். அந்த அம்மாள் திரும்பி வரும்போது இவர் குறட்டையின் உச்சத்தில் இருப்பார். வார விடுமுறை இவருக்கு வெள்ளி, அவருக்கு ஞாயிறு. கிடைக்கிற கொஞ்ச நேரமும் கடைக்குப் போக, துணி மடிக்க, மகளின் பள்ளிக்கூட விவகாரங்களைப் பார்க்க என்று ஓடிவிடும். பத்தொன்பது வருஷம் இப்படியே போயிற்று. ஒரே கட்டிலில் படுக்கிறவர்கள்தான், ஆனால் ஒருவர் விழித்திருப்பதை மற்றவர் பார்ப்பது அபூர்வம்.

நோட்டு ஆரம்பித்தது மகளுக்காக. "ஜுரம் குறைஞ்சிருக்கு. மருந்து நாலு மணிக்கு" என்று ஒரு வரி, "கொடுத்தாச்சு. துப்பிட்டா. மறுபடி கொடுத்தாச்சு" என்று பதில் வரி. மகள் வளர்ந்து, படித்து, வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். நோட்டு மட்டும் நிற்கவில்லை. இப்போது தொங்குவது முப்பத்தோராவது நோட்டு. பழையவை அலமாரியின் மேல் தட்டில், போர்வைகளுக்குப் பின்னால் அடுக்கி இருக்கின்றன.

எழுத ஆரம்பித்தால் மனிதர் வேறு ஆள். "வீட்டுச் செய்திகள்" என்று மேலே தலைப்புப் போட்டு அடிக்கோடும் போடுவார். "சமையலறை பல்பு இன்னிக்கு மூணு மணிக்கு உயிரை விட்டுடுச்சு. ரெண்டு நிமிஷம் மௌனமா நின்னேன். அப்புறம் புதுசு மாட்டிட்டேன்." "எதிர் வீட்டுப் பூனை நம்ம வீட்டுல குடியேறப் பார்க்குது. வாடகை கேட்டேன். முறைச்சுட்டுப் போயிடுச்சு." இதற்கு அந்த அம்மாளின் பதில் எப்போதும் ஒரு வரிதான், ஆனால் சுருக்கென்று இருக்கும். "பால் கிண்ணத்தை ஒளிச்சு வைக்கத் தெரியாதவங்க பூனை மேல பழி போடக் கூடாது."

ரொட்டிக்காரரை நேரில் பார்த்தால், செய்தியெல்லாம் எழுதியவர் இவர்தானா என்று சந்தேகம் வந்துவிடும். மொத்தம் மூன்று சொற்களை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறவர் அவர். "ம்", "சரி", "பார்க்கலாம்". பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரம் போடுகிற கூச்சலில் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள். இவர் விரலைக் காட்டுவார். இரண்டு விரல் என்றால் இன்னும் இரண்டு தட்டு அடுப்புக்குள்ளே போகலாம், உள்ளங்கை என்றால் மாவு இன்னும் பொங்கவில்லை, பொறு. அங்கே அவருக்கு 'சைலன்ஸர்' என்று பெயர். அதைக் கேட்டு அவர் கோபித்துக்கொண்டதும் இல்லை, ஏன் அப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் இல்லை. கேட்க வேண்டுமானால் பேச வேண்டுமே.

தம்பதிக்குப் பொழுதுபோக்கும் உண்டு. ஃபிரிட்ஜின் தலையில் ஒரு சதுரங்கப் பலகை. ஒரு நாளைக்கு ஒருவர் ஒரு காய்தான் நகர்த்தலாம். மதியம் இவர் குதிரையை நகர்த்திவிட்டு, "குதிரை வருது, ராணியைப் பத்திரமா வச்சுக்கோ" என்று நோட்டில் எச்சரிப்பார். மறுநாள் வந்து பார்த்தால் குதிரையே இருக்காது. அது பலகைக்கு வெளியே, சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். ஓர் ஆட்டம் முடிய ஒரு பருவம் ஆகும். இலை துளிர்க்கும்போது தொடங்கியது வெயிலில் முடியும், வெயிலில் தொடங்கியது இலை உதிரும்போது முடியும். கணக்குப்படி அந்த அம்மாள்தான் அதிகம் ஜெயித்திருக்கிறார். ரொட்டிக்காரர் அதைப் பற்றி நோட்டில் நிறையவே புலம்பியிருக்கிறார்.

இந்த இலையுதிர் காலத்தில்தான் எல்லாம் தலைகீழாயிற்று. வாசல் மரத்து இலைகள் பழுத்து உதிர ஆரம்பித்த முதல் வாரம், சலவைக்கூடத்தில் ஆட்களை மாற்றிப் போட்டார்கள். அந்த அம்மாளுக்குக் காலை எட்டு முதல் நாலு வரை. "இனிமே சாயங்காலம் ரெண்டு பேரும் வீட்டுல! தலைப்புச் செய்தி இதுதான்!" என்று இவர் நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதி மூன்று கோடு போட்டார். முதல் நாள் பேக்கரியிலிருந்து நன்றாகச் சிவந்த ரொட்டி ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். சட்டை மாற்றி, தலை வாரி, நாலரை மணிக்கு ஜன்னல் பக்கம் நின்றார்.

அந்த அம்மாள் வந்தார். "வந்துட்டேன்" என்றார். இவர் "ம்" என்றார்.

பிறகு இரண்டு பேரும் சமையலறைக்குப் போனார்கள். பழக்கம் யாரை விட்டது? அவர் இவருக்காக டீ போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றி மூடினார். இவர் அவருக்காகப் பாலைக் காய்ச்சி இன்னொரு ஃபிளாஸ்கில் ஊற்றி மூடினார். குடிக்க வேண்டிய ஆள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது எதற்கு ஃபிளாஸ்க் என்று இருவருக்கும் தோன்றவில்லை. மேஜையில் இரண்டு ஃபிளாஸ்க்கும் எதிரெதிரே நின்றபோதுதான் உறைத்தது. அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கியதும் வீட்டில் கடிகாரச் சத்தம்தான் பாக்கி.

மறுநாள் சதுரங்கம் ஆடிப் பார்த்தார்கள். ஒரு பருவம் வரவேண்டிய ஆட்டம் பதினொரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. காய்களைப் பெட்டியில் போட்டுவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி ஐந்தேகால். தூங்குவதற்கு இன்னும் ஏழெட்டு யுகம் இருந்தது.

இவருக்குள் செய்தி இல்லாமல் இல்லை. காலையிலிருந்து சேர்த்துவைத்ததெல்லாம் தொண்டை வரை வரும். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்ததும், எழுதும்போது வருகிற சொல் ஒன்றுகூட வராது. கடைசியில் எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்று எழுதிவிட்டு வந்து உட்காருவார். சற்று நேரம் கழித்து அந்த அம்மாள் போய்ப் படித்துவிட்டு வருவார். முதல் வாரம் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். இரண்டாவது வாரம் சிரிப்பு குறைந்தது. மூன்றாவது வாரம் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தார்.

மகள் போன் செய்தாள். "என்னப்பா, இப்ப ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கீங்க. ஒரே ஜாலிதான், இல்ல?"

"ம்."

"அம்மாகிட்ட கொடுப்பா" என்றாள் மகள். அவளுக்கு அப்பாவைத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை அந்த அம்மாள் வேலையிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "மாலை ஷிஃப்ட்ல ஒரு இடம் காலியாகுதாம். சூப்பர்வைசர் என்னைக் கேட்டாங்க. வேணும்னா வெள்ளிக்கிழமை காலையில எட்டு மணிக்குள்ள நேர்ல போய்க் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

"பார்க்கலாம்" என்றார் ரொட்டிக்காரர்.

"என்னத்தைப் பார்க்கிறது?" அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "இதோ பாருங்க. அந்த நோட்டுல ஒரு மனுஷன் இருக்காரு. பல்புக்கு மௌனம் காப்பாரு, பூனைகிட்ட வாடகை கேப்பாரு. அவரைப் படிக்கிறதுக்குன்னே நான் அடிச்சுப் பிடிச்சு வீட்டுக்கு வருவேன். இப்ப வீட்டுக்கு வந்தா அவர் இல்லை. நீங்கதான் இருக்கீங்க. மறுபடி சாயங்காலம் போனாலாவது அவர் கிடைப்பாரு. எனக்குப் போகணும்னு ஆசை இல்லைங்க. ஆனா அவரை விட முடியலை."

இவர் கண் தானாகக் கதவுப் பக்கம் போயிற்று.

"இதுக்குப் பதிலை அங்க போய் எழுதிடாதீங்க" என்றார் அந்த அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

புதன்கிழமை நோட்டு காலியாகக் கிடந்தது. வியாழக்கிழமையும் அப்படியே. பேக்கரியில் மட்டும் ஓர் அதிசயம் நடந்தது. இயந்திரத்தின் மேல் குனிந்து, பிசைபடுகிற மாவைப் பார்த்து சைலன்ஸரின் உதடு அசைவதை எல்லோரும் பார்த்தார்கள். என்ன சொல்கிறார் என்று கேட்க முடியவில்லை. ஆனால் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "அடுப்படி ஆளுங்க எல்லாம் வாங்க, சைலன்ஸர் கழண்டுக்கிச்சு" என்று தட்டுக் கழுவுகிறவர் கத்தினார். இவர் உள்ளங்கையைக் காட்டினார். பொறு என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிய மனைவியோடு இவரும் வாசலில் இறங்கினார். இதுவரை ஒருநாளும் செய்யாத காரியம். "எங்க?" என்றார் அந்த அம்மாள். "பஸ் ஸ்டாப் வரைக்கும்" என்றார் இவர். தன் வழக்கமான மூன்று சொற்களைத் தாண்டியாயிற்று. காலுக்கடியில் இலைகள் நொறுங்கின. தெரு முழுக்க மஞ்சளும் பழுப்புமாகக் கொட்டிக்கிடந்தது. பெருக்குகிறவர் கூட்டிவைத்த குவியலைக் காற்று மறுபடி கலைத்துக்கொண்டிருந்தது.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் வேறு யாரும் இல்லை. இவர் உட்காரவில்லை. தொண்டையைச் செருமினார். இரண்டு கையையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டு, மனைவியைப் பார்க்காமல் எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"வீட்டுச் செய்தி. முந்தாநாள் மத்தியானம் கூரைத் தண்ணிக் குழாய்ல இலை அடைச்சுக்கிச்சு. ஏணி போட்டு ஏறினேன். கையை விட்டு எடுத்தா இலை வந்துச்சு. ஒரு டென்னிஸ் பந்து வந்துச்சு. அப்புறம் ஒரு சாக்ஸ். சாக்ஸ் என்னோடது." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "எப்படி அங்க போச்சுன்னு விசாரணைக் கமிஷன் போட்டிருக்கேன். காத்து மேல சந்தேகம் இருக்கு."

குரல் கரகரத்தது. வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு வந்தன. ஓர் இடத்தில் "சாக்ஸ்" என்பதை இரண்டு தடவை சொன்னார். அந்த அம்மாள் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"பக்கத்து வீட்டுக்காரர் புல்லாங்குழல் வாங்கியிருக்காரு. வாசிக்கிறாரா, ரிப்பேர் பண்றாரான்னு தெரியலை."

இந்தத் தடவை அந்த அம்மாளால் அடக்க முடியவில்லை. கைப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிக்கும்போது தோள் குலுங்கும் என்பது இவருக்கு இத்தனை வருஷம் தெரியாது. நோட்டில் அது தெரிய வழியில்லை. சுவரை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தெரு முனையில் பஸ் திரும்பியது. அடுத்த பஸ் இருபத்தைந்து நிமிஷம் கழித்துத்தான். அது போய்ச் சேர எட்டேகால் ஆகிவிடும், கையெழுத்து நேரம் தாண்டிவிடும். இருவருக்கும் தெரியும். இவருக்குப் பேச்சு அவசரமாக வந்தது.

"இன்னொரு செய்தி. தினம் நாலு மணியிலிருந்து ஜன்னல்கிட்டதான் நிக்கிறேன். நீ வந்தா என்ன சொல்லணும்னு எல்லாம் வரிசையா வச்சிருப்பேன். உன்னைப் பார்த்தா மறந்துபோகுது. பயமா இருக்கு. பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்தும் உன்கிட்டப் பேச எனக்குப் பயமா இருக்கு, சிரிக்காத." அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "சாயங்கால வேலைக்குப் போகாத. நோட்டுல இருக்கிறது நான்தான். எனக்குப் பேச வந்துடும். கொஞ்ச நாள் பிடிக்கும். அவ்வளவுதான் செய்தி. இல்ல, இன்னும் இருக்கு."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. டிரைவர் இவர்களைப் பார்த்தார். வேலைக்கு ஒருநாள்கூட நேரம் தவறிப் போகாத அந்த அம்மாள், கைப்பையை மடியிலிருந்து எடுத்தார். எழுந்திருக்கப்போகிறார் என்று இவர் வழிவிட்டு ஒதுங்கினார்.

அந்த அம்மாள் கைப்பையை எடுத்துப் பெஞ்சின் மறுகோடியில் வைத்தார். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து, இடத்திலிருந்த இலைகளைப் புறங்கையால் தட்டிவிட்டார்.

"இன்னும் என்ன இருக்கு?" என்று இவரிடம் கேட்டுக்கொண்டே, டிரைவரைப் பார்த்து, நீங்கள் போங்கள் என்று கையை ஆட்டினார்.