பொழுது சாய்வதற்குள் முப்பது பேர்

அக்காவின் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தங்கை எழுதுவது. "நாலு பக்கம் நீதான் எழுதணும்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் எந்த வேலையும் சுற்றிச் சுற்றி அக்காவிடம் போய் நிற்கும். இனி என்னிடம் நிற்கும் போலிருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி கலந்து கலந்து கை ஓய்ந்துவிட்டது. உட்கார்ந்து அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. எழுத்தில் அலுப்பு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது வெம்பாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். அடுத்தது அண்ணன், கடைசி நான். பன்னிரண்டாவது முடித்ததும் ஆரணியில் பட்டு நூல் கடை வைத்திருந்த மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்து இரண்டு வருடம் படுக்கையில் இருந்தபோது கடையை அக்காதான் பார்த்துக்கொண்டார். நெசவாளர் வீடுகளில் எந்தத் தறியில் எந்த நிறம் ஓடுகிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். கோபம் வராது. வந்தாலும் நமக்குத் தெரியாது. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

எங்கள் சமணக் குடும்பங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்ற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. தீபாவளி அன்று காலையில் கோயில். சாயங்காலம் அக்கா வீட்டில் எல்லோரும் கூடிப் பொழுதோடு சாப்பிட்டுவிடுவோம். இருபது வருடமாக அதுதான் வழக்கம். கைப்பேசியை வைத்துக்கொண்டு மணி சொல்வதும், பொழுது சாய்ந்ததும் பாத்திரங்களை மூடி அடுப்பைத் துடைப்பதும் என் பொறுப்பு. அதில் நான் மகா கண்டிப்பு.

சென்ற தீபாவளி அண்ணன் மகளுக்குத் தலைத் தீபாவளி. மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் என்று அக்கா கணக்குப் போட்டிருந்தார். காலை பத்து மணிக்கு அண்ணன் போன் செய்தார்.

"க்கா, கலசப்பாக்கத்துல இருந்து மாப்பிள வூட்டுக்காரங்க எல்லாருமே கெளம்பிட்டாங்களாம். ஒம்போது பேரு. இன்னா சொல்றது அவங்களாண்ட?"

"வாங்கன்னு சொல்லு. பொண்ணு குடுத்த எடம். வேற இன்னா சொல்லுவ?"

பதினோரு மணிக்கு மாமா கோயிலிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். சேத்துப்பட்டிலிருந்து வந்த பழைய நண்பர் குடும்பத்தைப் பார்த்தாராம். ஐந்து பேர். கூப்பிட்டுவிட்டாராம்.

"மாமா, இது வூடா, சத்திரமா?" என்று நான் கேட்டேவிட்டேன். மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா இன்னொரு படி அரிசியை அளந்தார். ஓட்டலில் வாங்கலாம் என்றால் எங்களுக்கு ஆகாது. எதிலும் வெங்காயம், பூண்டு இருக்கும். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மனைவி தேவகி பெரிய அண்டாவைக் கொடுக்க வந்தவர், நிலைமையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்து தேங்காய் துருவ ஆரம்பித்தார். மதியம் அவர் எழுந்தபோது அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்ளோ வேல செஞ்சிட்டு உன் வூட்ல போயி உல வைப்பியா? நாலு பேரும் இங்கியே சாப்புடுங்க."

ஆக மொத்தம் முப்பது. கடைசி நாலு பேரைச் சேர்த்தது அக்காவேதான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

சாம்பாரில் பூசணிக்காய் ஏறியது, பாயசத்தில் பால் ஏறியது, வடை ஆளுக்கு ஒன்றாக இறங்கியது. கூடத்தில் பத்து இலைதான் போட முடியும் என்பதால் மூன்று பந்தி. நாலு மணிக்கே முதல் பந்தியைத் தொடங்க நினைத்தோம். சம்பந்தி வீட்டார் வந்து சேர நாலே முக்கால் ஆகிவிட்டது. ஐந்தே முக்காலுக்குப் பொழுது சாய்ந்துவிடும். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே, "அஞ்சு அஞ்சு! அஞ்சு இருவது! ஜல்தி, ஜல்தி!" என்று விரட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா பாயசம் இரண்டாம் முறை கேட்டபோது அவரைக்கூட முறைத்தேன். அதற்கு இந்த மலரில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் பந்தியில் அக்கா என்னைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "நீ சாப்புடு. எனக்கு உள்ள எடுத்து வச்சிக்கினு இருக்கேன்" என்றார். நான் நம்பினேன். மாமா முதல் பந்தியில் சாப்பிட்டவர். அக்கா என்னோடு சாப்பிடுவார் என்று நினைத்தார். அண்ணன், தேவகியோடு என்று நினைத்தார். தேவகி, வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தார். ஐந்தே முக்காலுக்கு, "பொழுது போச்சு" என்று சொல்லிப் பாத்திரங்களை மூடியவள் நான். அக்கா பக்கத்தில்தான் நின்றார். தலையை ஆட்டினார்.

முப்பது பேருக்குச் சமைத்தோம். இருபத்தொன்பது பேர் சாப்பிட்டோம்.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போட்ட அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிடலாம் என்றுதான் ஐந்து மணிக்கு மாத்திரையைப் போட்டிருக்கிறார். விருந்தினர்கள் கிளம்பிப் போனதும் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுங்கியது. மாமா ஓடிப்போய்ச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டு வந்தார்.

"வேணாங்க. பொழுது போயிடுச்சி" என்றார் அக்கா. வெறும் தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை கலந்தால் அது ஆகாரம்.

"உடம்பு சரியில்லாதவங்களுக்கு அதெல்லாம் இல்ல. குடி!" மாமா டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனார். அக்கா வாயைத் திறக்கவில்லை. கண் செருகிக்கொண்டு வந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. மாமா கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி, பாதியை நான் குடித்தேன். பிறந்ததிலிருந்து பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை தொடாதவள் நான். அது அக்காவுக்கும் தெரியும்.

"நான் குடிச்சிட்டேன். இப்ப நீயும் குடி. பாவம்னா ரெண்டு பேருக்கும் வரட்டும்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு குடித்தார். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. "ஒரு வேள சாப்பாட்டுக்கு ஏன்டி இப்படி அழுவுற?" என்று கேட்டார். "தீபாவளின்னா எனக்கு எப்பவும் இப்படித்தான. யாரு உக்காந்து சாப்ட்டா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருபது தீபாவளி. ஒவ்வொரு முறையும் யாராவது கூடுதலாக வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் மணி சொல்லிப் பாத்திரத்தை மூடியிருக்கிறேன்.

மாசியில் ஒரு விடியற்காலை அக்காவுக்கு மாரடைப்பு வந்தது. வேலூர் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டார். அன்றைய மயக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நம்புகிறேன். நம்பாவிட்டால் இந்த அடுப்படிக்குள் நான் கால் வைக்க முடியாது.

அந்த விடியற்காலையில் கார் எடுத்து வந்த தேவகியின் வீட்டுக்காரருக்கும், இத்தனை நாளும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தறிக்காரர் குடும்பங்களுக்கும், கலசப்பாக்கம் சம்பந்தி வீட்டாருக்கும், சேத்துப்பட்டு நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தனித்தனியாக வந்து சொல்லத் தெம்பு இல்லை.

வருகிற தீபாவளிக்கும் எல்லோரும் வாருங்கள். சொல்லாமல் வந்தாலும் சரி, கூட நாலு பேரை அழைத்து வந்தாலும் சரி. ஆனால் முதல் பந்தியில் சமைத்தவர்களும் பரிமாறுகிறவர்களும் உட்காருவார்கள். அவர்கள் கை கழுவி எழுந்திருக்கும்வரை, சம்பந்தியானாலும் மாப்பிள்ளையானாலும், நீங்கள் வெளியே காத்திருக்க வேண்டும். அக்கா இருந்தால் இதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார். அவர் இல்லாததால்தான் என்னால் இதைச் சொல்ல முடிகிறது.