ரத்தம் எடுத்தார்கள், முடிவைச் சொல்லவில்லை

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்தில் வசிக்கிறேன். சென்ற வருடம் தைராய்டு ஆராய்ச்சி என்று சிலர் படகில் வந்து, எங்கள் ஊர்ப் பெண்களிடம் ரத்தம் எடுத்தார்கள். "குறை இருந்தா கட்டாயம் சொல்லுவோம்" என்றார்கள்.

என் ஓரகத்தி தேவிக்கு அப்போதே உடம்பு சரியில்லை. முகம் வீங்கும், குரல் கம்மும், வெயிலிலும் குளிருகிறது என்பாள். டாக்டரைப் பார் என்றால், "இன்னாக்கா நீ, எதனா இருந்தா அவங்க சொல்லியிருக்க மாட்டாங்களா?" என்று சிரிப்பாள். நானும் நம்பினேன்.

மாதங்கள் ஓடின. ஒருநாள் இறால் பிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். படகில் போட்டுக் கரை சேர்த்து, பொன்னேரிக்குக் கொண்டுபோனோம். "தைராய்டு சுத்தமா வேலை செய்யல. இன்னும் லேட்டாயிருந்தா உயிரே போயிருக்கும்" என்றார் டாக்டர்.

அன்று கொடுத்துவிட்டுப் போயிருந்த நம்பரில், ரத்தம் எடுத்த பெண்மணிக்கு போன் செய்தேன்.

"அவங்க ரிசல்ட் மோசம்னு அப்பவே தெரியும்மா. ஆனா அது ஆராய்ச்சிக்கு எடுத்தது, வைத்தியத்துக்கு இல்லையே" என்றார்.

"உங்க வூட்டுப் பொண்ணா இருந்தா இப்டி வுட்டுருப்பீங்களா?" என்று கத்தினேன். போனை வைத்துவிட்டார்.

தினமும் மாத்திரை போட்டு தேவி இப்போது தேறிவிட்டாள். என் கோபம்தான் ஆறவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால், யார் பதிலுக்கும் காத்திராமல் நாங்களே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறோம்.

போன மாதம் வேறொரு குழு வந்தது. "ரிசல்ட்ட எங்க கைல எப்போ குடுப்பீங்கனு மொதல்ல சொல்லுங்க" என்றேன். மழுப்பினார்கள். எங்கள் தெருவில் ஒருத்திகூடக் கையை நீட்டவில்லை.