ரஹ்மத் விட்டுக்கொடுத்த பெயர்

சபியாவின் அழைப்பு வந்தபோது நான் ஆழ்வார்குறிச்சி வீட்டு மொட்டை மாடியில் கூழ்வத்தல் பிழிந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு. சுண்டுவிரலால் தட்டிக் கைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டேன். "டீச்சர், எங்க மைனி மௌத்தாயிட்டாங்க" என்றாள். அவள் மைனி என்றது அண்ணன் மனைவியை; இறந்துபோனது என் தோழி ரஹ்மத். வெயில் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. மீதி மாவு முழுவதையும் பிழிந்து முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். இறங்கினால் அந்தச் செய்தி உண்மையாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

பேராசிரியர் ரஹ்மத்தை உங்களில் பலருக்கு வகுப்பறையில் தெரியும். ஆற்றுப்பாசியைப் பற்றி அவள் பாடம் எடுத்தால் கடைசி பெஞ்சும் தூங்காது என்பீர்கள். எனக்கு அவளை வேறொரு ஊரில் தெரியும். அதனால் 'அவர்' என்று எழுத என் கைக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே உதவித்தொகை கிடைத்து வடக்கே ஒரு குளிர்நாட்டுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனோம். அவளுக்கு வீடு பேட்டையில். மகள் நிலோபர் தொட்டிலில் கிடக்கும்போதே கணவர் விபத்தில் இறந்துவிட்டார். அந்தக் குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவள் குழம்பிக்கொண்டிருந்தாள். கணவரின் தங்கை சபியா, வாழ்க்கை சரிப்படாமல் பிள்ளையும் இல்லாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்திருந்தவள், ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்: "நீங்க போயிட்டு வாங்க மைனி. பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன்."

அந்த ஊரை இப்போது நினைத்தால் நிஜமாகவே அங்கே இருந்தோமா என்று சந்தேகமாக இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் இருட்டத் தொடங்கும். பனி சத்தமே இல்லாமல் விழும். எதிரே வருகிறவர்கள் மூச்சுப்புகைக்குள்ளிருந்து வெளிவந்து மறுபடி அதற்குள்ளேயே போய்விடுவார்கள். அந்தச் சாம்பல் நிறத்துக்கு நடுவே ரஹ்மத் மட்டும் கடுகு மஞ்சள் பட்டில் இருப்பாள். கருத்தரங்க வாசலில் நின்று, எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டு, நீளக் கோட்டை மெல்லக் கழற்றுவாள். பாதி அரங்கம் உன்னைத்தான் பார்க்கிறது என்று ஒருநாள் இடித்துக் காட்டினேன். "பாக்கத்தான செய்வாங்க. பாக்காம போனா அவங்களுக்குத்தான் நட்டம்" என்றாள்.

தற்பெருமை அவளுக்கு மூக்குத்தி மாதிரி. மறைத்துக்கொள்ளவே மாட்டாள். அவள் பேசிய ஒரு பேச்சுக்குப் பரிசு கிடைத்து, உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள். வந்தவர்கள் கவனிக்கவில்லையென்றால் பால் எடுக்கிறேன், தயிர் எடுக்கிறேன் என்று அந்தக் கதவையே திறந்து திறந்து மூடுவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்தப் பெருமை அவளுக்குப் பொருந்தி இருந்ததுதான் அதைவிட எரிச்சல்.

அந்த ஊர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் நன்றி சொல்வார்கள். கதவைப் பிடித்துக்கொண்டால் நன்றி, பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி. எனக்கு அது நாக்கில் ஒட்டவே இல்லை. ரஹ்மத்துக்கு முதல் வாரமே பிடித்துப்போயிற்று. ஒருநாள் உறைந்து கிடந்த ஆற்றின் ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று நின்றாள். யார் யாருக்கோ நன்றி சொல்கிறோம், தன் பிள்ளைக்குத் தினமும் சோறு ஊட்டுகிறவளிடம் ஒருநாளும் சொன்னதில்லையே என்று வருத்தப்பட்டாள். வீட்டுக்கு வந்ததும், காலுறையைக்கூடக் கழற்றாமல், சபியாவைக் கூப்பிட்டு, "ரொம்ப நன்றி சபியா" என்றாள்.

 அந்தப் பக்கம் சபியா பதறிப்போய்க் கேட்டது என் காதிலும் விழுந்தது: "ஏன் மைனி, பிள்ளையக் கூட்டிட்டுப் போகப் போறியளா?"

நம் வீடுகளில் யார் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறோம்? விருந்தாளிக்குச் சொல்வோம், மேடையில் சொல்வோம். வீட்டுக்குள் ஒருத்தி அதைச் சொன்னால், இத்தோடு உன் வேலை முடிந்தது என்று விலக்கி நிறுத்துவதுபோலத்தான் கேட்கும். ரஹ்மத்துக்கு அது தெரியாதா என்ன. வெளியூர்ப் பழக்கத்தில் மறந்துவிட்டாள். சட்டென்று பேச்சை மாற்றி, என்ன குழம்பு வைத்தாய் என்று விசாரித்துச் சிரிக்க வைத்தாள். பேசி முடித்ததும் ஜன்னலருகே போய் நின்றவள், "அவ பயந்துட்டா, கோமு" என்று மட்டும் சொன்னாள். 

பேச ஆரம்பித்த வயதில் நிலோபர் வீடியோவில் வருவாள். ரஹ்மத்தைச் சபியா எப்படிக் கூப்பிடுகிறாளோ அப்படியே அவளும் "மைனி" என்றாள். 'உம்மா' என்றது தினமும் சோறூட்டி வளர்க்கிற சபியாவை. கூட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள் காதில் விழுகிற முறையைத்தானே பிடித்துக்கொள்ளும். பெற்ற தாயை அக்கா என்றும் மதினி என்றும் கூப்பிட்டு வளர்ந்தவர்கள் நமக்குத் தெரிந்தே எத்தனையோ பேர். நான் ரஹ்மத்தின் முகத்தைப் பார்த்தேன். அவள் அசரவில்லை. நேரில் போய் நின்றால் எல்லாம் மாறிவிடும், தன் முகத்தைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் உம்மா என்றுதான் வாயில் வரும் என்றாள். அதையும் பெருமையாகவே சொன்னாள்.

ஆனால் அதற்குப் பிறகு காலையில் அவள் சொல்கிற கனவுகள் வேறு மாதிரி ஆயின. எங்கள் சமையலறைக்குள் தாமிரபரணி கணுக்கால் அளவுக்கு ஓடுகிறதாம். சின்ன மீன்கள் பாதத்தைக் கடிக்கின்றனவாம். அடுப்பைத் தாண்டி அக்கரை தெரிகிறதாம். அங்கே நின்றுகொண்டு பிள்ளை யாரையோ கூப்பிடுகிறாளாம், யாரை என்றுதான் கேட்கவில்லையாம். ராத்திரி மீன்குழம்பை அள்ளிக் கொட்டிக்கொண்டால் அப்படித்தான் என்று நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

படிப்பை முடித்துத் திரும்பினோம். திருவனந்தபுரத்தில் இறங்கி, அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக நானும் பேட்டைக்குப் போனேன். வரும் வழியெல்லாம் தலைத்துணியைச் சரிசெய்து சரிசெய்து கார் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாள். வாசலுக்கு ஓடிவந்த நிலோபர் எங்களைக் கண்டதும் சபியாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, "உம்மா, மைனி வந்துட்டாங்க" என்றாள்.  அவங்கதான் உன் உம்மா, சொல்லு, சொல்லு என்று சபியா பிள்ளையை முன்னால் தள்ளினாள். பிள்ளையின் உதடு பிதுங்கியது. ரஹ்மத் அப்படியே தரையில் உட்கார்ந்து, "மைனிதான். மைனி உனக்கு என்ன வாங்கிட்டு வந்திருக்கேன்னு பாரு" என்று கையை நீட்டினாள்.

மாதங்கள் போயும் அது மாறவில்லை. அவள் மாற்றவும் இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. சேரன்மகாதேவியில் ஆற்றில் இறங்கிப் பாசி சேகரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், நீ கொஞ்சம் அடம்பிடித்தால் ஒரே வாரத்தில் பிள்ளை மாறிவிடுவாளே என்று அவளைத் திட்டித் தீர்த்தேன். முழங்கால் தண்ணீரில் ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"மாறுவா. அப்புறம் அவ உம்மான்னு கூப்பிட்டா நாங்க ரெண்டு பேரும் திரும்பிப் பாப்போம். தன்னை இல்லன்னு தெரிஞ்சதும் சபியா மூஞ்சியத் திருப்பிக்கிடணும். அது தெனமும் நடக்கணுமா? வாயால நன்றி சொன்னா பயப்படுதா. பின்ன நான் எப்படித்தான் சொல்ல?"

அவளுக்கு வலிக்கவில்லை என்று நான் எழுத மாட்டேன். ஒருமுறை எங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது என் மகன் "அம்மா" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டான். இருந்த இடத்திலிருந்தே என்னலே என்று அதட்டினேன். ரஹ்மத் என் கையைப் பிடித்து, எழுந்து போய்ப் பதில் சொல்லிவிட்டு வா என்றாள். நான் திரும்பி வரும்வரை தன் காபியைத் தொடவில்லை. மறுநிமிடமே புதுச் சேலையைக் காட்டி, எப்படி இருக்கிறது, சொல்லு சொல்லு என்று நச்சரித்தாள். அவள் அப்படித்தான்.

சபியா அழைத்த அன்று பேட்டை வீட்டில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். இப்போது கல்லூரிக்குப் போகிற நிலோபர், கிடத்தியிருந்த ரஹ்மத்தின் பக்கத்தில் "மைனி, மைனி" என்று விம்மிக்கொண்டிருந்தாள். பெற்றவளைப் போய் இந்தப் பிள்ளை ஏன் இப்படிக் கூப்பிடுகிறது என்று வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். தலைமாட்டில் இருந்த சபியாவின் காதில் அது விழுந்தது. அவள் நகர்ந்து வந்து நிலோபரின் தோளைப் பிடித்தாள்.

"ஒருதரம் உம்மான்னு கூப்பிடு பிள்ளே. நான் திரும்பிப் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள்.

 ரஹ்மத் ஆற்றில் நின்று சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளும் சொல்லியிருக்க மாட்டாள். இத்தனை காலமும் தனக்குக் கொடுக்கப்பட்டது என்ன என்று சபியாவுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

நிலோபர் கூப்பிட்டாள். 'உம்மா' என்று மறுபடியும், இந்தமுறை எல்லார் காதிலும் விழக் கூப்பிட்டாள். சபியா திரும்பவில்லை. ஒரு சேலைக்குக்கூடப் பாராட்டைக் கேட்டு வாங்கிய ரஹ்மத், இந்த ஒன்றை மட்டும் கேட்காமலே போய்விட்டாள். நிலோபர் கூப்பிட்டது காதில் விழுந்தவர்களில் நானும் ஒருத்தி. அவள் காதுக்குப் போய்ச் சேரவேண்டிய அந்தச் சொல்லை அவளுக்காக நான் வைத்திருக்கிறேன்.