அம்மா ரயில் பார்த்த படிக்கட்டு

ஒன்பது வயதில் எனக்குப் பல்பம் தின்கிற வியாதி இருந்தது. சிலேட்டில் எழுத வாங்கித் தருகிற பல்பம் சிலேட்டைத் தொடும் முன்பே வயிற்றுக்குள் இறங்கிவிடும். அது கிடைக்காத நாளில் அரிசிப் பானைக்குள் கையை விடுவேன். அடி, திட்டு எதற்கும் நான் மசியவில்லை. அது ஒரு நோயின் அடையாளம் என்று திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. திருட்டுத் தீனி என்றுதான் அதற்குப் பெயர்.

ஒருநாள் பள்ளிக்கூடப் பிரேயரில் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தேன். பெரிய டீச்சர் அம்மாவை வரவழைத்து, உடம்பு தேறும்வரை என்னை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். வீடு வந்து சேரும்வரை அழுதேன்.

அந்த வாரமே அம்மா என்னை அம்பத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனாள். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது, வழக்கம்போல் பாதிப் படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரயில் பார்த்தாள். எந்த ஸ்டேஷன் படியானாலும் அம்மா அப்படித்தான். தண்டவாளம் காலியாகக் கிடந்தாலும் பார்ப்பாள். ரயில் மேல் அவளுக்கு அப்படியொரு ஆசை என்று நினைத்துக்கொண்டு நானும் கூடவே நின்று பார்ப்பேன். எனக்கும் மூச்சு வாங்கியதால் அது வசதியாகவும் இருந்தது. எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலை பார்த்தவர், இதைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. "அக்கா படி ஏறி வர்றதுக்குள்ள வண்டி அரக்கோணமே பூடும்" என்பார்.

டாக்டரம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கையும் நகங்களையும் பார்த்தார். பிறகு, "பல்பம் தின்னுவியா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று அம்மாவை முறைத்தேன். விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்த சோகையில் பல தினுசு உண்டாம். எனக்கு வந்தது இரும்புச்சத்துக் குறைவால் வருவது. ஏரிக்கரையில் செருப்பில்லாமல் திரிந்ததில் கொக்கிப்புழு காலைத் துளைத்து உள்ளே போய், குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கிறது என்றார். பிறகு ஏனோ அம்மாவின் இமையையும் இழுத்தார். அதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். என்னை வெளியே அனுப்பி எடை மெஷினில் ஏறி நிற்கச் சொன்னார். நான் திரும்பி வந்தபோது அம்மாவின் விரலிலும் பஞ்சு இருந்தது.

"பூச்சி மாத்திரை உனக்கு மட்டும். இந்தச் செவப்பு மாத்திரை ரெண்டு பேருக்கும். அம்மா ஏமாத்திடுவாங்க. அவங்க முழுங்கினப்புறம்தான் நீ முழுங்கணும், சரியா?" என்றார் டாக்டரம்மா.

நான் பயப்படக்கூடாதென்று அம்மா எனக்குத் துணையாக மாத்திரை போடப்போகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அதுவரை யாரும் எனக்காக இப்படி ஒன்றைச் செய்ததில்லை. நெகிழ்ந்துபோய், தினமும் போலீஸ்காரி மாதிரி அம்மாவை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் என் மாத்திரையைப் போட்டேன்.

மாமா தன் பங்குக்குப் பீட்ரூட்டாக வாங்கி வந்து குவித்தார். "செவப்பா கீது பாரு, அத்தினியும் ரத்தம்" என்பது அவருடைய வைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கறிக்கடையில் போய் நின்று சுவரொட்டி வாங்கி வருவார். ஆட்டுக்கு ஒன்றே ஒன்று இருக்கும் அந்த மண்ணீரலைத் தின்றால் ரத்தம் ஊறும் என்று எங்கள் பக்கத்தில் அதற்கு அவ்வளவு போட்டி. மிளகு போட்டு அவரே வறுத்து எனக்குப் பாதி, அம்மாவுக்குப் பாதி வைப்பார்.

இத்தனைக்குப் பிறகும் அடுத்த முறை போனபோது எங்கள் இமைகள் பழையபடியே வெளுத்துக் கிடந்தன. பள்ளிக்கூடம் அவ்வளவுதான் என்று எனக்கு அழுகை முட்டியது. டாக்டரம்மா யோசித்துவிட்டு, "மாத்திரைய எதுல முழுங்குறீங்க?" என்று கேட்டார்.

"டீலதாம்மா. எங்க ஊட்ல எல்லா மாத்திரையும் டீலதான்" என்றாள் அம்மா.

கூட வந்திருந்த மாமா, "டீ இல்லாங்காட்டி அது எப்டி டாக்டர் எறங்கும்?" என்று நியாயம் கேட்டார்.

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். மாத்திரையை எலுமிச்சம்பழச் சாற்றோடு போடச் சொன்னார். அன்றுமுதல் மாத்திரை நேரத்தில் டீத்தூள் டப்பாவை ஒளித்துவைப்பது மாமாவின் வேலையாயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக எனக்குப் பல்ப ஆசை விட்டுப்போனது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன், பிரேயரில் முதல் வரிசையிலேயே நின்றேன்.

என் முதல் பிரசவத்துக்கு முன் ஒரு டாக்டர் என் இமையை இழுத்துப் பார்த்தபோது, எனக்கு அந்த அம்பத்தூர் டாக்டரம்மாவின் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. மாதாமாதம் தன் உடம்பிலிருந்து எவ்வளவோ ரத்தம் போயும் யாரிடமும் சொல்லாதவள் அம்மா. தனக்கென்றால் ஒரு டாக்டர் வீட்டு வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டாள். என் சாக்கில் அவளைப் பிடித்து வைத்து, எனக்கே காவல் வேலையும் கொடுத்த அந்த டாக்டரம்மா எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த வைத்தியத்தில் கடைசியாக டாக்டரம்மாவைப் பார்க்கப் போன நாளில் அம்மா அந்த மேம்பாலப் படிகளில் கடகடவென்று ஏறிப்போனாள். நான் பாதிப் படியில் நின்றுவிட்டேன். கீழே உண்மையாகவே ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது.

"அம்மா, ரயில் பாக்கலியா?"

"பாத்த வரிக்கும் போதும், வா" என்று மேலே நின்று சிரித்தாள்.

அம்மாவுக்கு ரயில் மேல் இருந்த ஆசை போய்விட்டதே என்று எனக்குக் கொஞ்ச நாள் வருத்தமாகவே இருந்தது.