பாலக்காட்டில் போட்ட பழனி மொட்டை

இங்கிலாந்தில் இருக்கும் அக்கா மகன் நேற்று வீடியோவில் வந்தான். தண்டனை பெற்றவர்களின் கணுக்காலில் மின்பட்டை மாட்டும் கம்பெனியில் அவனுக்கு வேலை. சொன்ன நேரத்தில் ஆள் வீட்டில் இல்லையென்றால் பட்டையே காட்டிக்கொடுத்துவிடுமாம். ஜப்பானில் ஊர்க்காரர்களே சம்பளம் வாங்காமல் கண்காணிப்பார்களாம். வீட்டுக்குக் கூப்பிட்டு டீயும் தருவார்களாம். "எம்புட்டு முன்னேறிட்டாங்க பாருங்க மாமா" என்றான்.

அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு ஜப்பான் தெரியாது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் தெரியும். இருபது வயதில் எனக்கு நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. அதைக் கேலி செய்த ஒரு தரகரின் தலையில், பேச்சுக்குப் பதிலாகப் பூசணிக்காயைப் போட்டேன். பூசணி உடைந்தது, மண்டையும் கொஞ்சம். நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் ஒரு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டது. அனுமதியில்லாமல் மாவட்டத்தைத் தாண்டினால் உள்ளே.

மாதம் ஒருமுறை என்னைக் கண்காணிக்கும் அதிகாரியம்மா திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வருவார். இறங்கியதும் மார்க்கெட்டுக்கே கேட்கும்படி, "அந்தப் பூசணிக்கா கேஸ் எங்கப்பா?" என்பார். ரகசியம் காப்பதில் அரசாங்கத்தை மிஞ்ச முடியாது. மூட்டை தூக்குகிறவர்கள் முதல் மண்டை உடைந்த தரகர் வரை எல்லோரும் என்னைச் சம்பளமில்லாமல் கண்காணித்தார்கள். டீ மட்டும் நான் வாங்கித்தர வேண்டும்.

பதினோராம் மாதம், கேரளா லாரியில் தக்காளிப் பெட்டி அடுக்கிவிட்டு அங்கேயே செத்த நேரம் சாய்ந்தேன். கண் விழித்தால் பாலக்காடு. டெலிபோன் பூத்திலிருந்து, நான் வேலை பார்த்த காய்கறி மண்டியின் முதலாளிக்குப் போன் போட்டேன்.

"அந்தம்மா இப்பத்தான்டா வந்துட்டுப் போகுது! பழனிக்கு மொட்டையடிக்கப் போயிருக்கான்னு சொல்லிட்டேன், அது நம்ம மாவட்டந்தானே. நாளைக்கு ஆபீசுக்கு வரணுமாம்."

"நான் மொட்டையே அடிக்கலையே முதலாளி?"

"அடிச்சுட்டு வாடா. ஜெயிலு பெருசா, மயிரு பெருசா?"

ஒரு மலையாளி சலூன்காரர் பக்தியே இல்லாமல் வழித்துவிட்டார்.

மறுநாள் அதிகாரியம்மா என் தலையையே பார்த்தார். அவர் எழுதப்போகும் ஒரு வரியில்தான் வீடா சிறையா என்பது இருந்தது.

"பழனியில சந்தனம் பூசுவாங்களே, எங்க?"

மொட்டையைத் தடவிக்கொண்டேன்.

"தொடச்சிட்டியாக்கும்? சலூன் பவுடர் வாசம்ல அடிக்குது." பேனாவை மூடினார். "அந்தத் தரகர்ட்டயும் கேட்டேன். பழனி பஸ்ல ஒன்ன ஏத்திவிட்டதே அவருதானாம். மண்ட ஒடஞ்ச மனுசனே ஒனக்காகப் பொய் சொல்றாரு. இதுக்கு மேல நான் என்னத்த விசாரிக்க?"

பேனாவைத் திறந்து எழுதினார்: நடத்தை திருப்தி.

அந்தத் தரகர் போய்ச் சேர்ந்துவிட்டார். மண்டிக்கு மண்டி இப்போது காமிரா. எவன் எந்த லாரியில் ஏறினான் என்று நிமிடக் கணக்கில் சொல்லும். ஒருவனுக்காக ஒரு பொய் சொல்ல மட்டும் அதற்குத் துப்பில்லை.