தரமணி நடைமேடையில் எனக்குக் கிடைத்த பதில்

என் மகளை ஆண்டவர் எடுத்துக்கொண்டால்கூடப் பரவாயில்லை என்று நான் ஜெபித்த நாள் ஒன்று உண்டு. பெற்ற தாய் அப்படி ஜெபிப்பாளா என்று கேட்பீர்கள். ஜெபித்தேன். அந்த நாளிலேயே அவர் எனக்குச் செய்ததைச் சபையில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

என் பெயர் கிரேஸ். அசோக் நகரில் இருக்கிறோம். எங்களுக்கு ஒரே பெண், ஷீபா. தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். வெளிநாட்டு நேரத்துக்கு ஷிப்ட். சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் அதை ஒரு குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு மளமளவென்று இளைத்தாள். ஆலயத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். அவளுடைய சுடிதார்களைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தது நான்தான். அடையாறில் ஒரு நல்ல குடும்பத்தில் சம்பந்தமும் பேசி முடித்தோம்.

அவளுடன் வேலை செய்த ஒரு பெண், தூக்கமும் வராது பசியும் எடுக்காது என்று சொல்லி மெத் என்ற போதைப்பொருளைக் கொடுத்திருக்கிறாள். அது எங்களுக்குத் தெரியாது. நாள்கணக்கில் விழித்திருப்பாள், பிறகு பிணம்போல் தூங்குவாள். பல்லை நறநறவென்று கடிப்பாள். தோலுக்குள் பூச்சி ஊர்கிறது என்று கையைச் சுரண்டிச் சுரண்டிப் புண்ணாக்கிக்கொண்டாள். மாடி வீட்டுக்காரர்கள் தன்னைப் படம் பிடிக்கிறார்கள் என்று ஜன்னல் முழுவதும் செய்தித்தாள் ஒட்டினாள். ஒரு நாள் ஸ்விட்ச் போர்டைக் கழற்றி ஒயரை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டாள்.

அவள் பையில் ஒரு கண்ணாடிக் குழலும், சின்ன பிளாஸ்டிக் உறையில் உடைத்த கற்கண்டு போல் ஏதோ ஒன்றும் இருந்ததை என் கணவர்தான் பார்த்தார். கேட்டதற்கு அவள் மறைக்கவில்லை. "விட ட்ரை பண்ணேன் டாடி. முடியல," என்றாள்.

கெட்ட ஆவி என்று சபையில் சிலர் சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள். வீட்டில் உபவாச ஜெபம் வைத்தோம். தலையில் கை வைத்து ஜெபித்தபோது, தன்னைக் கொல்ல வந்திருக்கிறார்கள் என்று அலறினாள். நான் உபவாசம் இருந்தேன். அவளும் சாப்பிடவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் பட்டினி, காரணம்தான் வேறு. எதுவும் மாறவில்லை.

கல்யாணம் முடிந்தால் சரியாகிவிடும், வெளியே சொல்லாதே என்று கணவர் சொன்னார். இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையில் இதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். அவர், "உண்மையச் சொன்னீங்களே, அதுக்கு தேங்க்ஸ். இனிமே போன் பண்ணாதீங்க," என்று வைத்துவிட்டார். அன்றிலிருந்து என் கணவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான்.

வேலையும் போயிற்று. போன வருஷம் லெந்து என்னும் தவக்கால நாட்களில் ஒரு காலை ஷீபா வெளியே போனாள், வீடு திரும்பவில்லை. போன் அணைந்து கிடந்தது. தி. நகரில் அவள் தோழிகள் தங்கியிருந்த அறை பூட்டியிருந்தது. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் ஆலயத்தில் தனியாகப் போய் உட்கார்ந்தேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷம் மற்றவர்களுக்காக ஜெபித்த வாய் இது. கடைசியில், "ஆண்டவரே, என்னால் முடியவில்லை. நீரே எடுத்துக்கொள்ளும்," என்றேன். அவள் பாரத்தைச் சொன்னேனா, அவள் உயிரைச் சொன்னேனா? இரண்டையும்தான்.

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது போன் அடித்தது. தெரியாத எண்.

"மம்மி, தரமணி ஸ்டேஷன்ல இருக்கேன். எல்லாரும் என்னையே பாக்குறாங்க. எழுந்திருக்க முடியல. வா மம்மி."

யாரோ ஒரு கல்லூரி மாணவியிடம் போனை வாங்கிப் பேசியிருக்கிறாள். ஆட்டோ பிடித்து ஓடினேன். நடைமேடைத் தூணுக்குப் பின்னால் காலில் செருப்பில்லாமல் குறுகி உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. எங்கே போனாய், என்ன செய்தாய் என்று கேட்க ஆயிரம் இருந்தது. எதையும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரயில்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. ரொம்ப நேரம் கழித்து என் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ நிஜமாவே மம்மிதானா?"

"ஆமாண்டி."

"அப்போ என்னை ஏதாவது ஆஸ்பத்திரியில சேத்துடு. வீட்டுக்கு வேணாம்."

நான் கேட்டது ஒரு அற்புதத்தை. கிடைத்தது இந்த ஒரு வார்த்தை. அதுதான் என் ஜெபத்துக்குப் பதில் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மருத்துவமனையில் மனநல டாக்டர் ஒரு பெண்மணி. சந்தேகமும் பயமும் அடங்க மருந்து கொடுத்தார். ஆனால் அந்தப் போதைக்கான ஏக்கத்தையே நிறுத்தும் மாத்திரை என்று ஒன்று இன்னும் இல்லை என்றார். தூக்கம், சாப்பாடு, கவுன்சிலிங், பழைய சகவாசத்தை விடுவது, இவற்றால்தான் மெதுவாக மீள வேண்டுமாம். "நிறுத்தினதும் சந்தோஷமா ஆயிடுவான்னு நினைக்காதீங்கம்மா. பல மாசம் எதுலயும் ருசி இருக்காது. மூளை ஆறுற வரைக்கும் அப்படித்தான். நடுவுல திரும்ப எடுத்தாலும் எடுக்கலாம். அப்போ அடிச்சுத் துரத்தாம கூட்டிட்டு வாங்க," என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. தூங்கினாள், சாப்பிட்டாள், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எதற்கும் சிரிப்பில்லை, அழுகையுமில்லை. உயிரோடு திரும்பி வந்தவளிடம் உயிர் இல்லை. இதற்காகவா கேட்டோம் என்று நான் உள்ளுக்குள் வெறுத்துப்போன நாட்கள் உண்டு.

கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க தி. நகர் போனவள், அங்கே அந்தப் பொருளை முதலில் கொடுத்த பழைய தோழியைப் பார்த்துவிட்டாள். சாயங்காலம் வாசலிலேயே நின்றுகொண்டு, "மம்மி, இன்னைக்கு எடுத்துட்டேன். டாக்டர்கிட்ட போலாமா?" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்போது டிவி முன்னால் இருந்த என் கணவர் எழுந்து சட்டையை மாட்டினார். "அழாத கிரேஸ். அவளே வந்து சொல்லிட்டா பாரு. நான் வண்டிய எடுக்கிறேன்," என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் என் பெயரைச் சொன்னது அன்றுதான்.

இன்றும் ஷீபா முழுக்க குணமாகிவிட்டாள் என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன். பொய் சொல்லி ஆண்டவரை மகிமைப்படுத்த முடியாது. கடைவாய்ப் பல் சில போய்விட்டன. வேலை இல்லை. வரனும் இல்லை. வாராவாரம் அடையாறில் அவளைப்போல் மீண்டு வருகிறவர்கள் கூடும் இடத்துக்கு அப்பாவும் மகளும் போகிறார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் அதைத் தொடவில்லை. நாளைக்கு எப்படியோ தெரியாது. இன்றைக்காக ஸ்தோத்திரம் செய்கிறேன். முன்பெல்லாம் வருஷத்துக்கும் சேர்த்து ஜெபிப்பேன். இப்போது ஒரு நாளைக்கு மட்டும் கேட்கிறேன், அவரும் ஒவ்வொரு நாளாகக் கொடுக்கிறார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். மானத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் பின்வரிசையில்தான் இருப்பேன். வந்து என் பக்கத்தில் உட்காருங்கள், பேசக்கூட வேண்டாம். சேர்ந்து ஜெபித்துவிட்டு, கையோடு டாக்டரிடமும் போகலாம். நான் கூட வருகிறேன்.