மயிலைக்கும் மருமகனுக்கும் ஒரே டாக்டர்

போன திங்கட்கிழமை காலையில் பால் சொசைட்டி சின்னான், சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் வேலியில் சாய்த்துவிட்டு வந்து, "மாட்டு டாக்டரு போயிட்டாருங்க" என்றார்.

"எந்த ஊருக்கு?" என்று கேட்டேன். என் மேல் தப்பில்லை. முப்பது வருடமாக அவர் வீட்டுக்கு யார் போனாலும் கிடைத்த பதில் அதுதானே? நம்பியூரில் ஒரு பசுவுக்குக் கன்று வயிற்றுக்குள் மாறிக் கிடக்கும், அவிநாசிப் பக்கம் ஓர் எருமை வயிறு உப்பி நிற்கும், இவர் போயிருப்பார். சின்னான் தலையைக் குனிந்துகொண்ட பிறகுதான் விளங்கியது. முத்துசாமி டாக்டர் இந்தமுறை திரும்பி வருகிற ஊருக்குப் போகவில்லை.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரை அறிந்தவர்களே, நீங்கள் ஆளுக்கொரு கதை வைத்திருப்பீர்கள். கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றி ஐம்பது மைலுக்குள் அவர் கைபடாத மாட்டுக் காது ஒன்றுகூட இல்லை. அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் சினைமாடுகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும். இதில் மிகை என்று நினைப்பவர்கள் மாடுகளையே கேட்டுக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது, அவர் இரண்டு கால் பிராணி ஒன்றைக் காப்பாற்றிய கதை. இதை நீங்கள் என் வாயால் நூறு தடவை கேட்டிருக்கிறீர்கள். நூறு தடவையும் நான் சொன்னது பொய்.

ஆறு வருடம் இருக்கும். நம் ஊருக்கு எஸ்.டி.டி. பூத் வந்த புதிது. அக்கா மகன் என்ஜினியர் செந்தில் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்தான். வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் வந்து உப்பும் சர்க்கரையும் மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்வதாக ஏற்பாடு. வந்த நான்காம் நாள் அவன் என்னைத் தனியாக அழைத்து, முழங்காலுக்குப் பின்னால் ஒரு சிவப்பு வளையத்தைக் காட்டினான். சப்பாத்தி அளவு இருந்தது.

தாய்மாமன் என்பவன் யார்? பிறவி வைத்தியன், வக்கீல், நீதிபதி. ஒரு நொடிதான் பார்த்தேன். "படர்தாமரை!" என்று தீர்ப்புச் சொல்லி, பெட்டிக்கடையில் களிம்பு வாங்கி நானே பூசினேன்.

"அரிக்கவே இல்லீங்களே மாமா" என்றான்.

"அரிக்காத படர்தாமரை உசத்தி ரகம் மாப்ள" என்றேன்.

கூடவே உத்தரவும் போட்டேன்: வெள்ளிக்கிழமை வரைக்கும் வெளியாள் முன்னால் பேண்ட்தான் போடவேண்டும், லுங்கி கட்டக்கூடாது. மாப்பிள்ளைக்குத் தோல் வியாதி என்று பெண் வீட்டில் ஒரு காதில் விழுந்தால் போதுமே! அவனுக்குக் காய்ச்சல் வந்தது, கழுத்து வலித்தது, முட்டி வலித்தது. எல்லாம் விமானத்தில் குளிர்காற்று பட்டதால்தான் என்று அதற்கும் ஒரு தீர்ப்பு எழுதினேன்.

புதன்கிழமை மயிலைக்கு உண்ணி பார்க்க டாக்டர் வந்தார். மயிலை என் பசு. அது உதைத்தால் ஆள் சத்தியமங்கலத்தில் போய் விழுவான் என்பதால், கயிறு பிடிக்கும் வேலையைச் செந்திலிடம் கொடுத்திருந்தேன். பயல் என் உத்தரவை மறந்து லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். டாக்டர் மயிலையின் மடியோரம் குனிந்து உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்திவிட்டு அவன் காலையே பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது அரிக்குதா?"

"இல்லீங்க."

"செதில் உதுருதா?"

"இல்லீங்க. பெருசாகிட்டே போகுதுங்க."

நான் குறுக்கே பாய்ந்தேன். "படர்தாமரைங்க டாக்டர், நானே பார்த்துட்டேன்!"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நோய்பட்ட மாட்டோடு வருகிற யாரிடமும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான் என்பது உங்களுக்குத் தெரியும். அதையே அமெரிக்க என்ஜினியரிடமும் கேட்டார்.

"இங்க வர்றதுக்கு முன்னால எங்க மேஞ்சீங்க?"

செந்தில் சிரித்துவிட்டான். பிறகு யோசித்தான். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு நண்பர்களோடு காட்டில் கூடாரம் போட்டானாம். முட்டியளவு புல்லாம், மான்கள் கூட்டங்கூட்டமாக வருமாம். அங்கிருந்து திரும்பியபின் முழங்காலுக்குப் பின்னால் கசகசா அளவில் கறுப்பாக ஒன்று ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிப் போட்டானாம்.

"அது உண்ணிக் குஞ்சு கண்ணு" என்றார் டாக்டர். "அந்த நாட்டுல மான் உண்ணி கடிச்சா லைம்னு ஒரு நோவு வருதாமா. நாய்க்கு வருதுன்னு படிச்சேன், மனுசனுக்கும் அதேதானாமா. விட்டா முட்டியப் புடிக்கும், மூஞ்சி ஒரு பக்கம் இழுத்துக்கும், நெஞ்சு வரைக்கும் போகுமாம்."

சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து வளையத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டார். "இன்னைக்கே கோயமுத்தூரு போயிருங்க. எனக்கு நாலு கால் வரைக்கும்தான் அதிகாரம். ரெண்டு கால் கொறஞ்சா கேசாயிரும்" என்று சொல்லிப் பேனாவை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

நான் கூட்டிப் போகவில்லை. சம்பந்தம் முடியட்டும் என்று செந்திலையும் அடக்கி, மறைத்து வைத்தேன். இதுதான் ஆறு வருடமாக நான் விழுங்கிய பகுதி.

வெள்ளிக்கிழமை காலை, கூப்பிடாமலேயே டாக்டர் வந்து நின்றார். பேண்ட்டைச் சுருட்டச் சொன்னார். சிவப்பு வளையம் நீலக் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே வந்திருந்தது. செந்திலுக்கு உடம்பு கொதித்தது.

"டாக்டருங்க, பொண்ணூட்டுக்காரங்க கார் வந்துருச்சுங்க. ஒரு மணி நேரம்…" என்று இழுத்தேன்.

"உப்பும் சக்கரையும் ஒரு வாரம் வெச்சாலும் கெட்டுப்போகாதுங் தம்பி. பையனுக்கு முட்டி போச்சுன்னா எந்தக் கடையில வாங்குவீங்க?"

சொல்லிவிட்டு நேரே வாசலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் தென்னை மரமே பற்றியிருக்கும். டாக்டர் பெண்ணின் அப்பாவைக் கும்பிட்டு, ஊரே கேட்கச் சொன்னார்: "மாப்பிள்ளைய உண்ணி கடிச்சிருக்குதுங்க. தொத்து நோவு இல்லீங்க, மருந்து இருக்குது. நல்லவேளையா தாய்மாமன் பார்த்தவுடனே கண்டுபுடிச்சு என்னையக் கூப்பிட்டாருங்க. இப்பவே கோயமுத்தூரு போகோணும்."

பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கூட்டு நாய்க்கு நாப்பது உண்ணி இருக்குதுங்க. அதைய ஊட்ட உட்டுத் தொரத்தியா போட்டோம்? போயிட்டு வாங்க, நாங்க அடுத்த வெள்ளிக்கெழமை வாரோம்" என்றார்.

அவர்கள் வந்த காரிலேயே போனோம், டாக்டரும் கூடவே ஏறிக்கொண்டார். கோயமுத்தூரில் டாக்டரம்மா ஒருவர் தடித்த புத்தகம் இரண்டைப் புரட்டினார். இந்த நோய்க்கு இங்கே ரத்தப் பரிசோதனை கிடையாது, இருந்தாலும் ஆரம்பத்தில் சரியாகக் காட்டாது, காட்டில் இருந்ததும் இந்த வளையமும் போதும் என்றார். "கோடு யாருங்க போட்டது?" என்று கேட்டார். மாட்டு டாக்டர் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். டாக்டரம்மா டாக்சிசைக்ளின் மாத்திரை மூன்று வாரத்துக்கு எழுதித் தந்தார். மயிலைக்குப் போடும் ஊசியும் அதே குடும்பத்து மருந்துதான் என்று திரும்பும் வழியில் டாக்டர் சொன்னபோது, செந்தில் காய்ச்சலிலும் "ம்மா" என்று கத்தினான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் காய்ச்சல் விட்டது, வளையம் மங்கியது, உப்பும் சர்க்கரையும் கை மாறின.

அன்றிலிருந்து நான் மருத்துவ மேதை. டாக்டர் ஒரு தடவைகூட மறுத்துச் சொல்லவில்லை. நான் கதையை அளக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார்.

திங்கட்கிழமை பூத்துக்கு ஓடிப்போய் அமெரிக்காவுக்குப் போன் போட்டுச் செந்திலிடம் செய்தி சொன்னேன். கூடவே உண்மையையும் உடைத்தேன்.

"தெரியுமுங் மாமா. நீங்க களிம்பு பூசுனது என்ர காலுலதானுங்களே" என்றான். "யாருகிட்டயும் சொல்லவேண்டாம், மாமன் மூஞ்சி வாடிப்போகும்னு டாக்டர்தான் சொன்னாருங்க."

ஆகையால் பெரியோர்களே, அந்தப் புகழை இன்று உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீலப் பேனாவை மட்டும் தரமாட்டேன், அது என் சட்டைப் பையில் இருக்கிறது. அவருடைய கேள்வியும் என்னிடம் இருக்கிறது. நேற்று சின்னான் காய்ச்சல் என்று முனகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வாய்வரை வந்த தீர்ப்பை விழுங்கிவிட்டு, "ஏனுங்க, எங்க மேஞ்சீங்க?" என்று கேட்டேன். அவர் முறைத்தார்.

"பயப்படாம சொல்லுங்க. நான் மருந்து சொல்லமாட்டேன், டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.